என் சொந்தக் கருத்து யாதெனில்

உட்காருங்க தம்பி. அந்த பெஞ்சு ஒரு கால் ஆடும், இங்க வாங்க. என் பையை மடியில வச்சுக்கிறேன். கல்வி ஆபீஸுக்கு எதுக்கு வந்திருக்கீங்க, மார்க் ஷீட்டா? பிறந்த தேதி தப்பா விழுந்துடுச்சா. அது சரி. உள்ள இருந்து ஒரு மீசைக்காரர் வந்து பேர் கூப்பிடுவாரு. அதுவரைக்கும் இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். நான் ஒம்பதரைக்கே வந்துட்டேன். இப்ப மணி பதினொண்ணே கால்.

நான் மனு குடுக்க வந்தவ இல்ல. என்னை விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க. என்னை. பேரு சண்முகவடிவு, சமூக அறிவியல் டீச்சர், இருபத்தேழு வருசம் சர்வீஸ். பதினோரு வருசமா பத்தாம் வகுப்புல என் பாடத்துல ஒரு பிள்ளை ஃபெயில் கிடையாது. இந்த வருசம் நல்லாசிரியர் விருதுக்கு என் பேரைத்தான் எழுதி அனுப்பியிருந்தாங்க. இப்ப மெமோ வந்திருக்கு. விருதுக்குக் கவர் வரும்னு பாத்தா இந்தக் கவர் வருது.

அங்க தூணுக்குப் பக்கத்துல பாருங்க. நேராப் பாக்காதீங்க, சும்மா திரும்புற மாதிரித் திரும்பிப் பாருங்க. பச்சைச் சேலை, அவ பேரு பாண்டீஸ்வரி, மல்லிப்பூத் தோட்டத்துல பூப் பறிக்கிறவ. பக்கத்துல இருக்கிறது அவ மக மாரிச்செல்வி. எங்க ஸ்கூல்ல ஒம்பதாம் வகுப்பு 'பி'ல இருந்தவ, நான்தான் கிளாஸ் டீச்சர். ஏப்ரல்லயே டி.சி. வாங்கிட்டுப் போயாச்சு. போனவ இன்னைக்கு யூனிஃபார்ம் போட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கா பாத்தீங்களா? வேணும்னே. வேற துணியா இல்ல வீட்டுல?

அந்தத் தாய்க்காரி என்னைப் பாத்ததும் எந்திரிச்சுக் கும்பிட்டா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

இதுக்கெல்லாம் ஆரம்பம் யாருங்கிறீங்க? பெனிட்டா. போன வருசம் மாறுதல்ல வந்த சயின்ஸ் டீச்சர். வந்தப்ப நான்தான் டிபன் பாக்ஸ்ல இருந்து பாதி எடுத்து வச்சேன். பாலை ஊத்தி வளத்த பாம்பு தம்பி. அவ வந்த மூணாம் மாசம் ஸ்கூலுக்கு இருபது டேப் வந்துச்சு. பெரிய செல்போன் மாதிரி இருக்குமே, தொட்டா ஓடுமே, அதுதான். ஹெட்மாஸ்டர் என்கிட்ட குடுத்து, டீச்சர் உங்க பொறுப்புன்னாரு. நானும் பொறுப்பாத்தான் வச்சிருந்தேன். பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். ஆயுத பூசைக்கு எடுத்து, துடைச்சு, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, திரும்ப உள்ள வச்சேன். ஒரு கீறல் கிடையாது. மூணு மாசம் புத்தம் புதுசா இருந்துச்சு. இதுக்குப் பேரு அலட்சியம்னு மெமோவுல எழுதியிருக்காங்க.

பெனிட்டா போய் ஹெட்மாஸ்டர்கிட்ட என்ன ஓதினாளோ, சாவி அவ கைக்குப் போயிடுச்சு.

அப்புறம் கிளாஸுக்குள்ள நடந்த கூத்தைக் கேளுங்க. நாப்பத்தொரு பிள்ளைங்க. ரெண்டு பேருக்கு ஒரு டேப். ஒரே பாடம், ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற வேற கேள்வி. நான் படிச்ச காலத்துல இருந்து, நான் சொல்லிக்குடுக்கிற காலம் வரைக்கும், ஒரு கிளாஸுக்கு ஒரு கேள்வி, அதுக்கு ஒரு பதில். இதுல அப்படி இல்ல. பிள்ளை சரியாச் சொன்னா அது அடுத்த படிக்கு ஏத்திவிடும். மொத்தம் ஆறு படி. ஞாபகம் வச்சுச் சொல்லுதல், புரிஞ்சுக்கிடுதல், பயன்படுத்துதல், பிரிச்சு ஆராய்தல், எடைபோடுதல், சொந்தமாக உருவாக்குதல். பாருங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவ பேசுறா.

முதல் படி நல்ல படி தம்பி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறாவது படி இருக்கே, அதுல கேக்குற கேள்விக்குப் பதில் புத்தகத்துலயே கிடையாது. பின்னாடி திருப்பினாலும் கிடையாது. நோட்ஸ்லயும் கிடையாது. புத்தகத்துல இல்லாததைப் பிள்ளைகிட்ட கேக்குறது நியாயமா? நீங்களே சொல்லுங்க. பத்தாவதுல நீங்க சமூக அறிவியல்ல எவ்வளவு? அறுபத்தொண்ணா. என்கிட்ட படிச்சிருந்தா தொண்ணூறு. முதல் பானிபட் போர் எந்த வருசம்? ஆங், ஆயிரத்து ஐந்நூத்து இருபத்தாறு. பாத்தீங்களா, யாரோ ஒரு புண்ணியவாட்டி உங்களை உருப்போட வச்சிருக்கா, இன்னைக்கும் நிக்குது. எதுக்கு நடந்துச்சுங்கிறீங்களா? அது இப்ப எதுக்குத் தம்பி.

அந்தப் படிக்கட்டு கணக்கு எல்லாம் இந்த ஆபீஸுக்கு வந்துடும். எந்த ஸ்கூல், எந்த கிளாஸ், எத்தனை பிள்ளை எந்தப் படியில நிக்குதுன்னு இங்க ஒரு மேடம் உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. வேற வேலை இல்ல. பிப்ரவரியில ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, குச்சி குச்சியாக் கணக்குப் போட்ட ஒரு படத்தைக் காட்டுறாரு. சயின்ஸ்ல பிள்ளைங்க நாலாவது படி, அஞ்சாவது படி. சமூக அறிவியல்ல நாப்பத்தொரு பேரும் முதல் படியில. ஒரே ஒரு குச்சி, உயரமா, தனியா நிக்குது. என்ன டீச்சர் இதுங்கிறாரு. பெனிட்டா பக்கத்துல நின்னு தரையைப் பாக்குறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஏத்திக் காட்டுறேன்னு சொன்னேன். ஆறாவது படிதான வேணும், ஏத்திக் காட்டுறேன்.

ஆறாவது படியில மட்டும் எல்லாருக்கும் ஒரே கேள்வி, அது என்னன்னு முந்தின வாரமே டேப்ல பாத்து எழுதிக்கிட்டேன். 'உங்கள் ஊர்க் கண்மாய் ஏன் வறண்டது? நீங்கள் ஊராட்சித் தலைவராக இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் சொந்தக் கருத்தைக் கூறுக.' இதான் கேள்வி. நான் ராவெல்லாம் முழிச்சு ஒரு அருமையான பதில் தயார் பண்ணினேன். 'என் சொந்தக் கருத்து யாதெனில், மழை பொய்த்ததே கண்மாய் வறண்டதற்குக் காரணமாகும். நான் ஊராட்சித் தலைவராக இருந்தால், மரக்கன்றுகள் நடுவேன், மக்களிடம் விழிப்புணர்வை ஏற்படுத்துவேன். இதுவே என் தனிப்பட்ட கருத்தாகும்.' பதிமூணு வரி, நான் சுருக்கிச் சொல்றேன். ஒரு வாரம் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வச்சு, வரி வரியாச் சொல்லி, பத்துத் தடவை எழுத வச்சு, ஒப்பிக்க வச்சேன். என் தொண்டை போச்சு. எந்த டீச்சர் செய்வா?

நாப்பது பிள்ளைங்க அப்படியே அடிச்சுக் குடுத்துச்சுங்க. ஒரு எழுத்து மாறல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அதுலயும் ஒரு சின்னப் பிசகு. நான் சொல்லும்போது, 'யாதெனில், கமா' அப்படின்னு சொல்லுவேன். எழுதுறப்ப கமா போடணும்ல, அதுக்காக. இந்தக் கழுதைங்க நாப்பதும் டேப்ல 'யாதெனில் கமா'ன்னே அடிச்சிருக்குதுங்க. 'கருத்தாகும் முற்றுப்புள்ளி.' டேப்ல கமா எங்க இருக்குன்னு பெனிட்டா சொல்லிக்குடுத்திருக்கணும். நாலு மாசமா என்ன கிழிச்சா? ஆனா மெமோ யாருக்கு வந்திருக்கு? எனக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

சரி, நாப்பதுதான் ஆச்சு, ஒண்ணு எங்கன்னு கேக்குறீங்க. அதா, அங்க உட்கார்ந்திருக்கே, அதுதான் ஒண்ணு.

மாரிச்செல்வியை நான் ஆறாம் வகுப்புல இருந்து பாக்குறேன். மெல்லக் கற்போர் லிஸ்ட்ல முதல் பேரு அவ பேருதான். ரெண்டு வரி சேந்தாப்புல ஒப்பிக்க வராது. நானும் அடிச்சும் பாத்தேன், கொஞ்சியும் பாத்தேன். கடைசி பெஞ்சுல உட்கார வச்சு, பாஸ் மார்க்குக்கு மட்டும் இருக்கிற சின்னப் புத்தகத்தைக் குடுத்து, இதை மட்டும் படிடின்னு விட்டுட்டேன். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அப்படி ஒதுங்கி இருந்த பிள்ளையை இந்தப் பெனிட்டா முன்னாடி இழுத்துட்டு வந்து, உனக்கு எழுத வரலைன்னா பேசு செல்வின்னு சொல்லி, டேப்ல ஒரு மைக் படம் இருக்கு, அதைத் தொடச் சொல்லிக்குடுத்திருக்கா. கேள்வியை அதுவே வாசிச்சுக் காட்டும், இவ வாயால பதில் சொன்னாப் போதும். பேசுறது பதிலா தம்பி? பேசச் சொன்னா எங்க தெருவுல தண்ணிக் குழாயடிப் பொம்பளைங்க எல்லாரும் ஆறாவது படிதான்.

முதல் படியில தட்டித் தடுமாறுறவ ஆறாவது படியில போய் உட்கார்ந்தா, படிக்கட்டு மேலதான சந்தேகம் வரணும்? யாருக்கும் வரல.

அப்படி என்ன பேசினாங்கிறீங்க? ஆறு நிமிசம் பேசியிருக்கா. என் பதிமூணு வரியில ஒரு வரி கிடையாது. காலையில பூப் பறிக்க ஓடை வழியா நடந்து போவாளாம். மூணு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் மழை பெய்ஞ்சா அந்த ஓடையில தண்ணி ஓடிக் கண்மாய்க்குப் போகுமாம். இப்ப மழை நல்லாத்தான் பெய்யுதாம், மழை பொய்க்கலையாம், என் பதிலுக்கே மறுப்பு. ஓடை மேல ஸ்கூல் பின்பக்கச் சுவர் நிக்குதாம், தண்ணி சுவத்துல முட்டித் திரும்பி ரோட்டுக்குப் போகுதாம். சுவத்துக்கு அடியில ரெண்டு இடத்துல ஓட்டை விட்டாப் போதும், கண்மாய்க்குத் தண்ணி வந்துரும், மரமெல்லாம் பெறகு நடலாம்ங்கிறா. எந்தெந்த இடத்துலன்னு அடி கணக்குச் சொல்றா. காலால அளந்தாளாம்.

பள்ளிக்கூடச் சுவத்துல ஓட்டை போடச் சொல்றா. அந்தச் சுவரைக் கட்டினது யாரு? எங்க ஸ்கூல் செயலாளர். கல்வெட்டுல பேரே இருக்கு. அவர் காதுக்குப் போனா என்ன ஆகும்? நான் உடனே பெனிட்டாகிட்ட சொன்னேன், அதை அழிச்சுடுன்னு. அழிக்க முடியாது டீச்சர், அது போயிடுச்சுன்னா. எங்க போயிடுச்சு? இங்க. இந்த மேடம்கிட்ட.

அதுக்காக டி.சி. குடுத்தேன்னு மட்டும் நினைக்காதீங்க. அது வேற, இது வேற. மெமோவுல ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டிருக்காங்க. பத்தாம் வகுப்புல ஒரே ஒரு பிள்ளை போனா என் பதினோரு வருசமும் போச்சு. அது பிள்ளைக்கும் அவமானம். அந்தத் தாய்க்காரியைக் கூப்பிட்டு மரியாதையாத்தான் சொன்னேன். உங்க மகளுக்குப் படிப்பு ஏறல, பத்தாவது எழுதி ஃபெயிலானா ஊருக்குள்ள பேரு கெட்டுப்போகும், இப்பவே தையலு கிய்யலு கத்துக்கட்டும்னேன். அவ, எங்க கையெழுத்துப் போடணும் டீச்சர்னு கேட்டா. போடும்போது, டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னா. அப்பல்லாம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லலையே. இப்ப எப்படி வந்து இங்க உட்கார்ந்திருக்கா?

ஜூன்ல ஸ்கூல் திறந்த மூணாம் நாள் இந்த மேடம் ஜீப்புல வந்து இறங்குறாங்க. நாப்பது பதில் ஒரே மாதிரி இருக்கு, ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு, அந்தப் பிள்ளையை நான் பாக்கணும்ங்கிறாங்க. நாப்பது பேர் ஒழுங்கா எழுதினதைப் பாராட்ட வந்தாங்கன்னு நான் நினைச்சேன். பொன்னாடை கூட வாங்கி வச்சிருந்தேன். பிள்ளை எங்கன்னாங்க. டி.சி. வாங்கிட்டுப் போயிடுச்சு மேடம்னேன். ஏன்னு கேட்டாங்க. சொந்த விருப்பத்துலன்னேன். பெனிட்டா அப்பவும் தரையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மேடம் பின்பக்கம் போயி, சுவத்து ஓரமா நடந்து, கால் அளவுல அளந்து பாத்தாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

இன்னைக்கு என்ன முடிவாகும்னா, அவ சொந்த விருப்பத்துல போனாளா, நான் அனுப்பினேனான்னு அவகிட்டயே கேப்பாங்க. சொந்த விருப்பம்னு சொன்னா என் வேலையும் மானமும் தப்பிச்சுது, ஃபைலை மூடிடுவாங்க. மாத்திச் சொன்னா டி.சி. ரத்து, அவ திங்கட்கிழமை பத்தாம் வகுப்புல வந்து உட்காருவா, நான் சஸ்பெண்ட்ல வீட்டுல உட்காருவேன். எல்லாம் அந்த மக்கு வாயில இருக்கு தம்பி.

அதான் போன வெள்ளிக்கிழமை பூத்தோட்டத்துக்கே போனேன். வெயில்ல, வரப்பு மேல, இந்த முட்டியை வச்சுக்கிட்டு. என்ன சொல்லணும்னு மூணே மூணு வரி எழுதிக் குடுத்து, முன்னால நின்னு இருபது தடவை சொல்ல வச்சேன். பூவைப் பறிச்சுக்கிட்டே சொன்னா. ஆனா இவளை நம்ப முடியாது. நாலு வருசமா நிக்காதது நாலு நாள்ல நிக்குமா?

இருங்க, இப்ப கேட்டுப் பாத்துடுவோம். ஏய் மாரிச்செல்வி, இங்க வா. நீ இரும்மா, பிள்ளை மட்டும் வரட்டும். கிட்ட வா. சாப்பிட்டியா? சரி. இந்த அண்ணன் நமக்கு வேண்டியவர்தான், பயப்படாத. சொல்லு பாப்போம்.

"என் சொந்த விருப்பத்தின் பேரிலேயே, கமா, நான் பள்ளியை விட்டு விலகினேன் முற்றுப்புள்ளி. எனக்குப் படிப்பில் நாட்டம் இல்லை முற்றுப்புள்ளி. யாரும் என்னை வற்புறுத்தவில்லை, கமா, என்று உறுதி கூறுகிறேன் முற்றுப்புள்ளி."

அட. அடியாத்தீ. எங்க, இன்னொரு தடவை சொல்லு. சரி சரி, வேண்டாம், போதும், மறந்துடப் போற. தம்பி, கேட்டீங்களா? ஒரு வார்த்தை விடல. இவளுக்கா ஏறாதுன்னாங்க? நான் அப்பவே சொன்னேன், சொல்லிக்குடுக்கிற மாதிரி சொல்லிக்குடுத்தா கல்லு கூடப் படிக்கும்னு. ஏன் சிரிக்கிறீங்க? பிள்ளையைப் பாத்துச் சிரிக்காதீங்க தம்பி, கூச்சப்படும். என்னடி, என்ன கேக்கணும்?

"அவங்க வேற ஏதாவது கேட்டா டீச்சர்?"

வேற என்ன கேக்கப் போறாங்க. எது கேட்டாலும் இதையே சொல்லு. போ, கூப்பிடுறாங்க பாரு. அம்மாவைக் கூட்டிட்டுப் போ. முடியை ஒதுக்கிவிட்டுக்க.

போகுதுங்க. கதவைச் சாத்திட்டாரு. இப்பதான் தம்பி எனக்கு மூச்சு வருது. தண்ணி குடிக்கிறீங்களா? இருபத்தேழு வருசத்துல எத்தனை பிள்ளைங்களுக்கு எவ்வளவு சொல்லிக்குடுத்திருப்பேன், ஒண்ணுகூட என்னைக் கைவிட்டது கிடையாது. இவளும் விட மாட்டா. பாவம், நல்ல பிள்ளைதான். பெனிட்டாதான் கெடுத்துட்டா. இது முடிஞ்சதும் ஒரு தையல் மிஷினுக்கு எழுதிப்போடச் சொல்லி நானே ஃபாரம் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன்.

என்ன, பத்து நிமிசமாச்சு. மூணு வரிக்கு இவ்வளவு நேரமா?

வந்துட்டாங்க. தாய்க்காரி ஏன் கண்ணைத் துடைக்கிறா? ஏய், இங்க வா. சொன்னியா?

"சொன்னேன் டீச்சர். ஒண்ணு விடாம சொன்னேன்."

மேடம் என்ன சொன்னாங்க?

"கமா வரைக்கும் கேட்டுட்டுப் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க டீச்சர். இதை யாரு சொல்லிக்குடுத்தாங்கனு கேட்டாங்க."

இதையே திருப்பிச் சொல்ல வேண்டியதுதான?

"சொன்னேன் டீச்சர். திரும்பவும் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லிக்குடுக்கலையே டீச்சர். அதனால நானா யோசிச்சுச் சொன்னேன்."

என்னன்னு?

"பூத்தோட்டத்துக்கு நீங்க வந்தது, அம்மா கையெழுத்துப் போட்டது, எல்லாம். எனக்குப் படிக்கணும்னு சொன்னேன். திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க டீச்சர். வர்றேன் டீச்சர்."

போறா பாருங்க தம்பி. கும்பிட்டுட்டுப் போறா. யூனிஃபார்ம் போட்டுட்டு வந்தப்பவே நினைச்சேன்.

வர்றேங்க, வர்றேன், சண்முகவடிவு நான்தான். இந்தா, ஒரு நிமிசம். தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க. ஆமா, உங்களுக்கு இந்த ஆபீஸ் பழக்கம் இருக்கும்ல. உள்ள என்ன கேப்பாங்க? நான் என்ன சொல்லணும்? ரெண்டே ரெண்டு வரி சொல்லுங்க தம்பி, நான் அப்படியே சொல்லிடுறேன்.